மதிப்பெண்ணும் மதிப்பும்

ஆண்டுதோறும் கோடையில் நுழைவுத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, பாரதத்தின் பல லட்சம் இல்லங்களில் மகிழ்ச்சியை விட ஏமாற்றமே மிகுதியாக வந்து சேர்கிறது. இதற்கு மாணவர்களின் அறிவுக் குறைவோ உழைப்புக் குறைவோ மட்டும் காரணமல்ல. 2024-ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் அதிகமானோர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 லட்சத்தைச் சற்றே தாண்டியவை. அதே ஆண்டில் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை ஏறத்தாழ 14 லட்சம் பேர் எழுதினர், ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 18,000-க்கும் குறைவு. அனைவரும் ஒரே அளவு திறமையோடு ஒரே அளவு உழைத்திருந்தாலும் மிகப் பெரும்பாலோர் விரும்பிய இடத்தைப் பெற்றிருக்க முடியாது.

எனவே தேர்வில் ஏமாற்றம் அடைவது யாரோ சிலருக்கு நேரும் விபத்தல்ல. எழுதுவோரில் பெரும்பாலோர் சந்தித்தே தீர வேண்டிய ஒன்று. ஆயினும் வெற்றி பெறுவதற்குப் பயிற்சி தரும் நிலையங்கள் ஆயிரமாயிரம் இருக்க, வெற்றி கிட்டாதபோது எவ்வாறு நிற்பது என்பதைக் கற்பிக்கும் இடம் அரிதாகவே உள்ளது. இது உளவியல் பிரச்சினை மட்டுமன்று. 'மனிதனின் மதிப்பு எதில் இருக்கிறது?' என்ற பழமையான தத்துவக் கேள்வியே இங்கு ஒரு பதினெட்டு வயது உள்ளத்தில் முதன்முறையாக எழுகிறது.

இரண்டு ஆறுதல்கள்

ஏமாற்றமடைந்த மாணவனுக்கு வழக்கமாக இரண்டு ஆறுதல்கள் கூறப்படுகின்றன. 'மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது?' என்பது முதலாவது. இது உண்மையன்று என்பது மாணவனுக்கே தெரியும். அவன் விரும்பிய கல்லூரியின் கதவு அந்த எண்ணால்தான் மூடப்பட்டது. அவனது இழப்பு மெய்யானது. அதை இல்லையென்று கூறுவது அவனது துயரத்தை அவமதிப்பதாகும்.

'பெரியோர்களும் தோற்றிருக்கிறார்கள்' என்பது இரண்டாவது. டாக்டர் அப்துல் கலாமின் வாழ்க்கை இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. விமானப் படையில் சேர விரும்பிய அவர் டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். மனம் உடைந்த நிலையில் ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரைச் சந்தித்து மனத்தெளிவு பெற்றதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே விவரித்துள்ளார். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவரானார் என்று கூறிக் கதையை முடிப்பதே வழக்கம்.

ஆனால் அந்த முடிவில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம், ஏனெனில் பின்னால் அதைவிடப் பெரிய வெற்றி வரும் என்பதே இந்த ஆறுதலின் பொருளென்றால், அவ்வெற்றி வராதவனுக்கு என்ன ஆறுதல்? தோற்ற லட்சக்கணக்கானோரில் குடியரசுத் தலைவராகப் போகிறவர் எத்தனை பேர்? கங்கைக் கரையில் அந்த இளைஞர் ஆறுதல் பெற்ற நாளில் அவரது எதிர்காலத்தை எவரும் அறிந்திருக்கவில்லை. அவர் இறுதிவரை பெயர் அறியப்படாத ஒரு பொறியாளராகவே வாழ்ந்திருந்தாலும் அன்று பெற்ற தெளிவு உண்மையாகவே இருந்திருக்க வேண்டும். பின்னர் வரும் வெற்றியை நம்பி நிற்காத ஆறுதலே மெய்யான ஆறுதல். அத்தகைய ஒன்று உண்டா?

எண் எதை அளக்கிறது?

முதலில் மதிப்பெண் என்பது என்ன என்று நிதானமாக ஆராய வேண்டும். 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வின் முடிவுகள் ஜூன் 4 அன்று வெளியானபோது 67 பேர் முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தேர்வு நேரம் குறைந்ததற்காகச் சிலருக்கு அளிக்கப்பட்டிருந்த கருணை மதிப்பெண்கள் பின்னர் நீக்கப்பட்டன. அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் வினாவுக்கு இரண்டு விடைகள் ஏற்கப்பட்டிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் விளைவாக ஒரே விடைதான் சரியானது என முடிவாயிற்று. ஜூலை 26 அன்று திருத்தப்பட்ட முடிவு வெளிவந்தபோது முதலிடத்தில் இருந்தவர்கள் 17 பேர். அந்த ஒரு வினாவால் 4 லட்சத்துக்கும் அதிகமானோரின் மதிப்பெண் குறைந்தது.

ஜூன் 4-க்கும் ஜூலை 26-க்கும் இடையில் அம்மாணவர்கள் கற்றதை மறந்துவிடவில்லை. விடைத்தாளில் ஒரு புள்ளியும் மாறவில்லை. எண் மட்டுமே மாறியது. அந்த எண்ணே தான் என்று கருதிய மாணவன் அன்று எவ்வளவு குறைந்துபோனான்? உண்மையில் சற்றும் குறையவில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட வினாக்களுக்கு, குறிப்பிட்ட விதிப்படி கிடைத்த விளைவை எண் அளக்கிறது. இடங்களைப் பங்கிடுவதற்கு அது ஒரு கருவி. மனிதனை அளக்கும் தராசாக அதைக் கொள்வது கருவியின் பிழையன்று, கொள்பவரின் பிழை.

ஐந்து காரணங்கள்

எச்செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் கூடவேண்டும் என்று பகவத் கீதை பதினெட்டாம் அத்தியாயத்தின் 14-ஆம் சுலோகம் கூறுகிறது. உடலாகிய இருப்பிடம், செய்பவன், புலன்கள் முதலிய கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம் ஆகியவை அவை. தேர்வுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். தேர்வு நாளில் காய்ச்சலின்றி இருக்கும் உடல்; எழுதும் மாணவன்; அவனது நினைவாற்றலும் புத்திக்கூர்மையும்; இரண்டாண்டு உழைப்பு. இவற்றுக்கு அப்பால் வினாத்தாள் எவ்வாறு அமைந்தது, உடன் எழுதியோர் எத்தனை பேர், வீட்டின் பொருள்வசதி எத்தகையது என அவனது ஆணைக்கு உட்படாத அனைத்தும் ஐந்தாவதில் அடங்கும்.

இவ்வாறிருக்க, தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவனின் பார்வை பழுதுடையது என்பது 16-ஆம் சுலோகத்தின் கருத்து. இது முதலில் வெற்றி பெற்றவனுக்கு உரிய எச்சரிக்கை. 'நானே சாதித்தேன்' என்னும் செருக்கு, மற்ற நான்கு காரணங்களையும் மறந்ததால் வருவது. 'என்னாலேயே எல்லாம் கெட்டது; நான் எதற்கும் உதவாதவன்' என்ற விரக்தியும் அதே மறதியால் வருவதுதான். ஒன்று தலைநிமிர்ந்து நிற்கும் அகங்காரம். மற்றது தலைகுனிந்து நிற்கும் அகங்காரம்.

இக்கருத்து சோம்பேறிக்குப் புகலிடம் ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். ஆகாது. ஐந்தில் முயற்சியும் ஒன்று. அது முற்றிலும் மாணவனுடைய பொறுப்பு. நல்லூழ் இல்லாதிருப்பது எவருக்கும் பழியன்று, அறிய வேண்டியதை அறிந்து முயலாதிருப்பதே பழி என்று திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். ஆகவே படிக்க வேண்டிய நேரத்தைப் பாழாக்கியவன் வருந்துவது முறையே. ஆனால் அவ்வருத்தத்துக்கு ஒரு வேலை உண்டு: பிழையைக் காட்டித் திருத்துவது. அது முடிந்ததும் வருத்தம் விலகிவிட வேண்டும். வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு அடுத்தபடியாக 'இடுக்கண் அழியாமை' என்னும் அதிகாரத்தை வைத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. முயற்சியைக் கற்றவன் அடுத்துக் கற்க வேண்டியது இன்னலில் குலையாதிருப்பதை.

செயலில் மட்டுமே உரிமை, பலனில் இல்லை என்ற கீதையின் போதனையும் இங்கே தெளிவாகிறது. பலனைப் பற்றி அக்கறையே கூடாதென்று அது சொல்லவில்லை. பலனை நிர்ணயிக்கும் அதிகாரம் மனிதனிடம் இல்லை என்ற உண்மையை அது எடுத்துரைக்கிறது. பயிற்சி நிலையங்கள் தரவரிசைக்கு உறுதியளித்து மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பலனுக்கு எவரும் உறுதி தர இயலாது என்பதைச் சட்டமும் தன் மொழியில் கூறவேண்டிய நிலை வந்திருக்கிறது!

இடைநிலையில் நின்ற நசிகேதன்

சுவாமி விவேகானந்தர் பெரிதும் போற்றிய உபநிடதம் கட உபநிடதம். நசிகேதனிடம் இருந்த சிரத்தையை நம் இளைஞர்கள் பெறவேண்டும் என்று அவர் விரும்பினார். அந்தச் சிறுவன் தன்னைப் பற்றி எண்ணிப் பார்க்கும் ஓர் இடம் அதில் வருகிறது. பலரிடையே தான் முதல்வனாக இருப்பதையும், பலரிடையே இடைநிலையில் இருப்பதையும் அவன் அமைதியாக நினைத்துப் பார்க்கிறான். கடைநிலையில் அவன் ஒருபோதும் இருந்ததில்லை என்று ஆதிசங்கரர் தம் உரையில் சேர்த்துக் கூறுகிறார்.

இங்குச் சங்கரர் பேசுவது நசிகேதன் பெற்ற இடத்தைப் பற்றியன்று. சீடனாகவும் மகனாகவும் அவன் நடந்துகொண்ட முறையைப் பற்றி. சிரத்தையின் இலக்கணமாகப் போற்றப்படும் சிறுவன், தான் எல்லாவற்றிலும் முதல்வன் என்று கூறிக்கொள்ளவில்லை. சிலவற்றில் இடைநிலையினன் என்பதை ஒப்புக்கொண்டும் அவன் மனம் சிறுமைப்படவில்லை. யமனின் வாசலில் நின்று ஆன்ம ஞானத்தைக் கேட்கும் தகுதி தனக்கு இல்லையென்று அவன் கருதவும் இல்லை. ஒப்பீட்டில் பெறும் இடம் வேறு, தன்மீது கொள்ளும் சிரத்தை வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? எந்தத் தரவரிசையும் தராததை எந்தத் தரவரிசையும் பறிக்க முடியாது.

தந்தையின் ஒரு சொல்

இதே கதையில் பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. நசிகேதன் மரணத்தின் இல்லத்துக்குச் சென்றது தந்தை கோபத்தில் உதிர்த்த ஒரு சொல்லால். யமன் மூன்று வரங்கள் தர முன்வந்தபோது அவன் முதலில் கேட்டது ஞானத்தையோ சொர்க்கத்தையோ அல்ல. தந்தையின் சினம் தணிய வேண்டும். தான் திரும்பும்போது அவர் தன்னை அடையாளம் கண்டு அன்போடு வரவேற்க வேண்டும் என்பதே அவனது முதல் வரம்.

தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் நிற்கும் பிள்ளையின் முதல் வேண்டுதலும் அதுவே. கல்லூரியைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வருகிறது. 'எங்கள் உழைப்பை வீணாக்கிவிட்டாயே', 'பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்' போன்ற சொற்கள் ஒரு கணத்தில் வெளிப்பட்டுவிடும். அவை கொண்டு செல்லும் இடத்திலிருந்து பிள்ளையை மீட்டுக் கொண்டுவருவது எளிதன்று. நசிகேதனின் தந்தைக்கு மகன் திரும்பக் கிடைத்தான். எல்லாப் பெற்றோருக்கும் அது வாய்ப்பதில்லை. ஆகவே முடிவு வெளியாகும் நாளில் பேசவேண்டிய முதல் சொல் எது என்பதை முந்தைய நாளே தீர்மானித்துக்கொள்வது பெற்றோரின் கடமை. பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும், வாழ்வில் பிடிப்பின்றியும் இருக்கக் கண்டால் தனியே விடலாகாது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். உதவி கேட்பது ஆன்மிக பலத்துக்கு முரணானதன்று.

அடுத்த செயல்

ஏமாற்றம் வந்த முதல் சில நாட்களில் பெரிய முடிவுகளை எடுக்க வேண்டியதில்லை. துயரத்துக்கு அதற்குரிய நேரத்தைத் தருவது நல்லது. பின்னர் ஐந்து காரணங்களையும் ஒரு தாளில் எழுதி, தன்னுடைய பங்கு எது, அல்லாதது எது என்று நேர்மையாகப் பிரிக்கலாம். மீண்டும் தேர்வு எழுதுவதா, கிடைத்த கல்லூரியில் சேர்வதா என்ற வினாவை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பாடத்தின் மீதுள்ள ஆர்வத்தால் மீண்டும் முயல்வது தவம். பிறர் முன் தலைநிமிர வேண்டும் என்பதற்காக மட்டும் முயல்வது மற்றோர் ஆண்டுத் துன்பம். கிடைத்ததை ஏற்பதாயின், கோயிலில் தரும் பிரசாதத்தை அளவு பாராமல் இரு கைகளாலும் வாங்குவதைப் போல ஏற்க வேண்டும்.

பணிவும் பொறுமையும், பிறர் துயரை உணரும் உள்ளமும் எந்த நுழைவுத் தேர்விலும் மதிப்பெண் பெறுவதில்லை. ஆயினும் மருத்துவரிடம் செல்லும் நோயாளி நாடுவது இவற்றையும்தான். தோல்வியின் நாளில் இவற்றைக் கற்றுக்கொண்ட மாணவன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் கல்வியின் பாதியைப் பெற்றவனாகவே உள்ளே நுழைகிறான்.