உன் சுரத்தை நீயே எழுது!

“நமக்கெல்லாம் யார் வாய்ப்புத் தருவார்கள்? இந்த வயதுக்கு மேல் என்ன சாதிக்க முடியும்?” என்று புலம்புகிறாயா? நிமிர்ந்து உட்கார், தம்பி! நீயும் கேள், தங்கையே! பெங்களூரில் வாழும் ஒரு தமிழரின் கதை இது. கேட்ட பிறகும் உன்னால் புலம்ப முடிகிறதா, பார்ப்போம்.

வயலின் வித்வான் டாக்டர் எல். சுப்பிரமணியம். 1947-ல் சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். மகனுக்கும் அவரே குரு. இலங்கையின் 1958 இனக்கலவரம் அந்த வாழ்க்கையைக் கலைத்துப் போட்டது. குடும்பம் சென்னைக்கு வந்து முதலிலிருந்து தொடங்கியது. ஊர் போனது, விரலில் இருந்த வித்தை போகவில்லை! எந்தக் கலவரக்காரனாலும் கொளுத்த முடியாத சொத்து, நீ கற்றது மட்டும்தான்.

அன்றைய கச்சேரி மேடையில் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம். அதை உலக அரங்கில் தனித்து ஒலிக்கவைக்க வேண்டும் என்பது அப்பாவின் கனவு. மகன் அதைத் தன் கனவாக்கிக்கொண்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவராகப் பதிவும் செய்தவர், நிலையான வருமானத்தை விட்டுவிட்டு அமெரிக்கா போனார். கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் தி ஆர்ட்ஸில் மேற்கத்திய இசை மாணவராக மறுபடி உட்கார்ந்தார்.

ஏன் அந்தப் பாடு? நம் கச்சேரியில் வித்வான் நினைத்த இடத்தில், அந்தக் கணமே புனைந்து கற்பனாஸ்வரம் போடலாம். நூறு பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவில் அது நடக்காது. ஒவ்வொருவரின் சுரமும் தாளில் இருந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மோகன ராகத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. மேற்கத்திய முறையின் வழக்கமான ‘கார்டு’களை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, சேர்த்தால் அந்தச் சுரங்கள் உள்ளே புகுந்து ராகத்தைக் கெடுத்துவிடும். “இரண்டும் ஒட்டாது” என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை! இரண்டையும் அடிவரை கற்றார். எழுதினார். 1985-ல் அவருடைய ‘ஃபேன்டசி ஆன் வேதிக் சான்ட்ஸ்’ நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மேடையில் ஜூபின் மேத்தா தலைமையில் அரங்கேறியது. தனி வயலின் வாசித்தவர் அவரே. அப்பாவின் கனவு உலகின் காதில் விழுந்தது.

அத்தோடு நின்றாரா? 1988-ல் வந்த ‘சலாம் பாம்பே’ படத்துக்கு இசையமைத்தார். 1992-ல் அப்பாவின் நினைவாக உலக இசை விழாவைத் தொடங்கினார். 2007-ல் பெங்களூரில் பிள்ளைகளுக்காக ‘சாபா’ இசைப்பள்ளி எழுந்தது. ராகத்துக்குள் ஹார்மனி அமைப்பதைப் பற்றி ஆய்வு செய்து, பெங்களூர் ஜெயின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 70. எழுபதில் மாணவர்! முப்பதில் “முடிந்துவிட்டது” என்கிறாயே, எது முடிந்தது? 2025-ல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது.

அதே பெங்களூரில், மல்லேஸ்வரம் பக்கம், வயலின் வடிவத்திலேயே ஓர் அரங்கம் நிற்கிறது. வயலின் வித்வான் மைசூர் சௌடையாவின் நினைவு அரங்கம். மைக் இல்லாத சபைகளில் நான்கு தந்தி வயலினின் ஒலி கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்று கண்டவர் அவர். அழவில்லை. ஏழு தந்தி பூட்டினார்!

உனக்கு ஒதுக்கிய இடம் உன் எல்லை ஆகாது. எட்டவில்லையா, உன் பலத்தைக் கூட்டு. தெரியவில்லையா, வெட்கப்படாமல் மாணவனாகு. விழுந்தாயா, கற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு எழு. வாய்ப்புக்காகக் காத்திருக்காதே. இன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கி, உன் வித்தையில் உனக்குத் தெரியாத ஒன்றைக் கற்கத் தொடங்கு. உலகம் உன்னைக் கேட்டே தீரும்!