மணல் லிங்கமும் கருங்கல் விமானமும்

ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் வயல்களையும் கடந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரே முடிவோடு திரும்புகிறார்கள்: அரசன் வீடு மண்ணாய்ப் போயிற்று, ஆண்டவன் வீடு நிற்கிறது; நிலைத்தது எதுவோ அதுவே தெய்வம். சாட்சியும் கண்ணெதிரே இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் கங்கைப் படையெடுப்புக்குப் பின் உருவாக்கி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சோழர் தலைநகராயிருந்த நகரம் இன்று ஒரு கிராமம். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தவை செங்கல் அடித்தளங்களும் ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் போன்றவைதாம். சற்றுத் தள்ளி, 180 அடி உயரத்தில் சிவன் கோயிலின் விமானம்.

இந்தச் சாட்சி குறுக்கு விசாரணைக்குத் தாங்காது. அரண்மனை செங்கல், கோயில் கருங்கல். ஆயிரம் ஆண்டில் எது மிஞ்சும் என்பதைக் கொத்தனாரே சொல்லிவிடுவார். தனக்குச் செங்கல், சிவனுக்குக் கருங்கல் என்று தேர்ந்ததே பக்திதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதிலிருந்து தெரிவது ராஜேந்திரனின் மனம். கல்லுக்குத் தெய்வம் காவலிருந்தது என்று ஆகாது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இதே கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். நிலைப்பதுதான் அளவுகோல் என்றால், பெயர்ந்த கல்லில் தெய்வம் இல்லை, பெயராத கல்லில் உண்டு என்று சொல்ல நேரும். எந்தக் கல் பெயர வேண்டும் என்று தீர்மானித்ததோ அணை கட்டியவர்களின் தேவை.

கோயிலே இந்த வாதத்துக்கு எதிராக ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. வடக்கு வாயிலருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி: உமையோடு அமர்ந்த சிவன், குனிந்து வணங்கும் சண்டேசரின் தலையில் மாலை சுற்றுகிறார். அந்த மாலை எதற்காக? மண்ணியாற்றங்கரையில் மாடு மேய்த்த, பின்னாளில் சண்டேசரான சிறுவன் மணலைக் கூட்டி லிங்கமாக்கிப் பால் சொரிந்தான். பாற்குடத்தை உதைத்தவர் தந்தையென்றும் பாராமல் காலை வெட்டினான். அந்த வெட்டு நம்மை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். ஆனால் அவன் பூசித்தது அடுத்த வெள்ளத்துக்குக்கூடத் தாங்காத மணல். மாலை பெறுபவர் சண்டேசர் அல்ல, சிவன் ராஜேந்திரனுக்கே வெற்றிமாலை சூட்டுகிறார் என்று இச்சிற்பத்தைப் படிப்பவர்களும் உண்டு. அப்படியே இருக்கட்டும். கங்கை வரை வென்றவன் தன்னைப் பார்த்துக்கொள்ள விரும்பியது அந்த மணல் லிங்கச் சிறுவனின் உருவில் என்றாகிறது. என் வாதம் வலுக்கவே செய்கிறது.

இதே கோயிலில் ஐப்பசிப் பௌர்ணமியன்று மூட்டை மூட்டையாக அரிசி வேகிறது. 13 அடி லிங்கம் சோற்றுக்குள் மறைகிறது. அதைப் பார்க்கத்தான் சுற்று வட்டாரமே திரண்டு வருகிறது. பிறகு அந்தச் சோற்றை எடுத்துப் பங்கிட்டுவிடுகிறார்கள், வைத்திருந்தால் ஊசிப்போகும்.