நாலூரானுக்கும் சேர்த்து

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், தம் ஆசாரியரான இராமானுசரைக் காக்க அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்துக்கொண்டு சோழன் அவைக்குப் போய்க் கண்களை இழந்தார் என்கிறது வைணவ குருபரம்பரை. அந்த இழப்புக்குக் காரணமானவன், முன்பு அவரையே அண்டியிருந்த நாலூரான். பின்னாளில், போய்க் கண்ணைக் கேள் என்று ஆசாரியர் அனுப்ப, ஆழ்வான் காஞ்சிக்கு வந்து வரதராஜஸ்தவம் பாடினார். வரதராஜனாகிய பேரருளாளன் வரம் தர இசைந்தபோது அவர் கண்ணைக் கேட்கவில்லை. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டார். இதை வரலாறாகக் கொள்வதா என்பது வேறு வழக்கு. உபந்யாசகர்கள் பெரும்பாலும் பொறுமைக்குச் சான்றாக இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று: பேறு பெற்றவன், அது எட்டாதவனுக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்ற கேள்வி.

பிரபலங்கள் தங்கள் மனநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் இந்நாளில் அந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. 2015இல் நடிகை தீபிகா படுகோன் தமக்கு மனச்சோர்வு வந்ததையும் மருத்துவரிடம் சென்றதையும் சொன்னபோது, வெற்றியின் உச்சியில் இருப்பவருக்குமா என்று நாடு வியந்தது. அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். காசிருப்பவனின் துன்பம் பாதித் துன்பம் என்று எடை போடுவதும் அறமில்லை. கூரத்தாழ்வானும் பெருஞ்செல்வத்தை உதறி வந்தவர்தாம், அதனால் அவர் கண்ணிழந்த வலி குறைந்துவிடவில்லை. படம் வெளியாகும் வாரத்தில் மட்டும் நினைவுக்கு வரும் மனச்சோர்வுகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் அதை வைத்து வாதம் கட்ட முடியாது. என் கேள்வி, பேசிய பிறகு என்ன என்பதுதான். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறிய இராமானுசர், தம்மைக் கரையேற்றிய மந்திரம் ஒன்று உண்டு என்று அறிவித்துவிட்டு இறங்கியதாகக் கதை இல்லை. எல்லாரும் கேட்க மந்திரத்தையே சொல்லிவிட்டார். இன்றைய பேட்டிகள் பலவற்றில் மந்திரத்தின் பெருமை இருக்கிறது, மந்திரம் இல்லை.

பேச்சே கூச்சத்தைப் போக்கும், கூச்சம் போனால் மக்கள் தாமே மருத்துவரைத் தேடுவார்கள் என்பார்கள். பாதி உண்மை. 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றிருந்தது. நோய்க்குத் தக்கபடி, பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றது அது. இந்த இடைவெளி முழுவதும் வெட்கத்தால் வந்ததன்று. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில். காஞ்சிப் பட்டு நெய்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கூலி சேலைக் கணக்கில். தறியை விட்டு எழுந்த நாளுக்குக் கூலி கிடையாது. மனச்சோர்வுக்கு மாத்திரை என்றால் ஒரு முறை வாங்கி முடிவதில்லை. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், இடையிடையே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் நெசவு போகும், துணைக்கு வருபவரின் வேலையும் போகும். அவருடைய வெட்கத்தைப் போக்கிவிட்டு இந்தக் கணக்கை அப்படியே விட்டால், மிஞ்சுவது தன் நோயின் பெயர் தெரிந்த ஒரு நோயாளி.

நோயாளிகள் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறார்களே, அதுதான் தடை என்று சொல்வோரும் உண்டு. ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதை மறந்து யாரும் பேசக் கூடாது. ஆனால் 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் சில வாரங்கள் தங்கிய 31 பேரின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் பதிவு செய்தது. அங்கே மருந்து இல்லை. தங்க இடமும் உடன் குடும்பமும் மரியாதையும் இருந்தன. சிறிய ஆய்வு, அதைக் காட்டி மருந்தை ஒதுக்க முடியாது. ஆனாலும் கோயில் வாசலில் ஏழை தேடியது மூடநம்பிக்கையை மட்டுமல்ல, காசு கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஓர் இடத்தையும்தான். கர்மவினை என்று கையைக் கட்டிக்கொள்வதற்கும் கூரத்தாழ்வானின் வைணவ மரபில் இடமில்லை. சரணாகதிக்குக் குலமோ கல்வியோ தகுதி இல்லை என்று சொன்னவர்கள், நோயாளிக்கு மட்டும் தகுதி பார்ப்பதெப்படி?

மருத்துவமனை கட்டுவது அரசின் வேலை, நடிகரின் வேலையா என்பது இவற்றில் வலுவான மறுப்பு. அரசின் வேலைதான். கூரத்தாழ்வானும் மோட்சத்தைத் தாம் கொடுக்கவில்லை. கொடுக்க வல்லவனிடம், தம் சொல் எடுபட்ட நேரத்தில், இன்னொருவனுக்காகக் கேட்டார். பிரபலத்தின் கடனும் அவ்வளவே. தீபிகாவின் அறக்கட்டளை அதற்கு மேலும் போயிருக்கிறது: 2016இல் கர்நாடகத்தின் தாவணகெரேயில் தொடங்கிய அதன் கிராமத் திட்டம், காஞ்சிக்கு அண்டையிலுள்ள திருவள்ளூர் மாவட்டத்துக்கும் வந்தது. எல்லாரும் அறக்கட்டளை தொடங்க வேண்டியதில்லை. நோயை வெளியில் சொல்வதேகூட யாருக்கும் கடமை இல்லை. ஆனால் சொல்ல முன்வந்தவர், தமக்குக் கிடைத்தது எங்கே கிடைத்தது, என்ன செலவானது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அரசு தர வேண்டிய அடிப்படை மனநலச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு மனநல நிலையத்தில் பெறும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதை எந்த நட்சத்திரப் பேட்டியிலும் நான் கேட்டதில்லை. பேட்டி எடுப்பவர்களே, அடுத்த முறை அழுகை அடங்கியதும் இதைக் கேளுங்கள்.