காத்திருப்பும் கடப்பாடும்

யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற வினாவுக்குள் ஒரு சமுதாயத்தின் அதிகார அமைப்பு அடங்கிக் கிடக்கிறது. மனுக் கொடுத்தவர் கந்தோர் வாசலிலே காத்திருக்கிறார். உத்தியோகத்தர் அவருக்காகக் காத்திருப்பதில்லை. வேலை தேடும் இளைஞன் பதிற் கடிதத்தை எதிர்பார்த்து மாதங்களைக் கழிக்கிறான். வேலை கொடுப்போனுக்கு அந்த அவதி இல்லை. காத்திருப்பு என்றும் வலுக்குறைந்தோர் தலையிலேயே சுமத்தப்பட்டு வந்துள்ளது. இச்சுமையை இன்று யந்திரம் ஏற்றுக்கொள்கிறது என்கிறார்கள். அக்கூற்றை நாம் ஆராய்தல் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் கணினி நிரல்கள் இப்போது மனிதருக்காக மின்னஞ்சல் எழுதுகின்றன. விலை விசாரித்தோ, சந்திப்புக்கு நேரம் கேட்டோ கடிதம் அனுப்பியபின், மறுமொழி வரும்வரை காத்திருப்பதற்கென அவற்றுக்குத் தனியானதொரு கருவியும் வழங்கப்படுகிறது. அக்கருவி இல்லாதவிடத்து, முகவர் அஞ்சற்பெட்டியை மீண்டும் மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் செலவு உண்டு. கருவி இருப்பின், முகவர் அதனை அழைத்துவிட்டு நின்றுவிடும். கடிதம் வந்தாலோ, விதித்த கெடு முடிந்தாலோ கருவி அதனை மறுபடி இயக்கும். புதிய அஞ்சல் வந்ததும் அஞ்சலைத் தாங்கும் கணினியே அறிவித்தல் கொடுக்கும் முறை 1997 இலேயே வகுக்கப்பட்டதுதான். அன்று அறிவித்தலைக் கண்டு கடிதத்தைப் படித்தவன் மனிதன். இன்று படிப்பதும் பதிலெழுதுவதும் யந்திரமாகின்றன என்பதே வேறுபாடு.

யந்திரம் உண்மையிற் காத்திருக்கிறதா? ஓர் இயக்கத்துக்கும் அடுத்த இயக்கத்துக்கும் இடையே மொழி மாதிரி எதுவுமே செய்வதில்லை. ஐந்து நிமிடமும் ஐந்து நாளும் அதற்கு ஒன்றே. மனிதனுடைய காத்திருப்போ அவன் வாழ்நாளின் ஒரு பகுதி. அதில் நம்பிக்கையும் அச்சமும், சிலவேளை பசியும் கலந்திருக்கின்றன. ஆகவே ஒருவரின் காத்திருப்பை யந்திரம் வாங்கிச் சுமப்பதில்லை. அவர் காத்திருக்கவேண்டிய தேவையையே அகற்றிவிடுகிறது. இதனை நாம் வரவேற்கிறோம். கடிதம் வந்ததா என்று நாள் முழுவதும் திரையைப் பார்த்திருப்பது எந்த எழுதுவினைஞருக்கும் பெருமை தரும் தொழிலன்று.

ஆயின், மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம்? 1867 இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்தில் யந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தை மார்க்ஸ் ஜோன் ஸ்ரூவர்ட் மில்லின் ஐயமொன்றுடன் தொடங்குகிறார். யந்திரக் கண்டுபிடிப்புகள் எந்த மனிதனின் அன்றாட உழைப்பையேனும் குறைத்தனவா என்பதே அந்த ஐயம். உழைப்பைக் குறைப்பது முதலாளித்துவத்தில் யந்திரத்தின் நோக்கமே அன்று என்பது மார்க்ஸ் தந்த விடை. அவ்விடை இன்றும் பொருந்துகிறது. ஒரு மறுமொழிக்காகக் காத்திருந்த எழுதுவினைஞரிடம் இனிப் பத்து முகவர்களை மேற்பார்வை செய்யும் வேலை ஒப்படைக்கப்படலாம். முகவருக்கு இரவில்லை, நள்ளிரவில் வந்த கடிதத்துக்கு நள்ளிரவிலேயே அது அனுமதி கேட்கும். மின்னஞ்சல் தொழிலாளரின் ஓய்வு நேரத்துக்குள் புகுந்துவிட்டதைக் கண்டுதான் பிரான்ஸ் நாடு, வேலை நேரத்துக்குப் புறம்பே தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமையை 2017 ஜனவரி முதல் சட்டத்திற் சேர்த்தது. உறங்காத முகவர் வந்தபின் அவ்வுரிமையின் தேவை மேலும் கூடுகிறது.

கடிதத்தின் மறுமுனையையும் நாம் மறத்தலாகாது. அங்கேயும் ஒருவர் காத்திருக்கிறார். அவருக்கு நொடியிற் பதில் கிடைத்துவிடுமாயின் அவருடைய காத்திருப்பு தீர்ந்ததா? பதில் சொல்லுதல் என்பதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு: மறுமொழி தருவது ஒன்று, பொறுப்பேற்பது மற்றது. யந்திரத்தால் முன்னதைச் செய்யலாம். பின்னதைச் செய்தல் இயலாது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர், ஏன் மறுத்தீர் என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அவரிடம் வாதாடி, முடிவை மாற்றுவிக்க வழி வேண்டும். 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில விதிவிலக்குகளுடன், தம்மைப் பெரிதும் பாதிக்கும் முடிவு முற்றிலும் யந்திரத்தால் எடுக்கப்படாதிருக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியது இதனாற்றான்.

இன்னோர் அபாயமும் உண்டு. படிக்கும் வாசகம் வெறுந் தகவலா, தனக்கிடப்பட்ட கட்டளையா என்பதை முகவரால் உறுதியாகப் பிரித்தறிய முடிவதில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கோபைலட் உதவியாளரில் இருந்த இத்தகைய குறைபாடொன்று 2025 ஜூனில் வெளியிடப்பட்டது. அந்நியர் ஒருவர் அனுப்பும் மின்னஞ்சலே, பயனர் எதனையும் அழுத்தாதபோதும், உள்ளகத் தகவல்களை வெளியே கசியவிடச் செய்யலாம் என்பது அதனாற் புலனாயிற்று. நிறுவனம் அதனைத் திருத்திவிட்டது. நோயின் வேரோ இன்னும் அறுபடவில்லை. வரும் கடிதத்துக்காகக் காத்திருக்கும் முகவர், எவர் வந்து தட்டினும் திறக்கும் கதவைப் போன்றது. கேடு விளைந்தால் முகவரைக் குற்றக்கூண்டில் ஏற்றவியலாது. அதனை வாசலில் நிறுத்தியவரே விடை பகர வேண்டும்.

எனவே நாம் கோருவன மூன்று. எழுதுவது யந்திரமென்பது கடிதம் பெறுபவருக்குத் தெரிதல் வேண்டும். ஒருவரின் ஊதியம், தொழில், உரிமை என்பவற்றைத் தொடும் பதில், பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் மனிதரின் கையாற் செல்லுதல் வேண்டும். மிச்சமாகும் நேரம் உழைப்பவருக்கே சேர்தல் வேண்டும். இம்மூன்றும் யந்திரத்தின் இயல்பினால் தாமாக வந்துவிடமாட்டா. தொழிற்சங்கங்களும் சட்டங்களும் விழிப்புள்ள மக்களும் போராடியே அவற்றைப் பெறுதல் கூடும். காத்திருக்கும் வேலையை யந்திரத்துக்குக் கொடுப்போம். பதில் சொல்லும் கடப்பாட்டை மனிதரிடமே வைத்திருப்போம்.