பறந்தவரும் அனுப்பியவரும்

மெதுவாகப் பறக்கும் சிறு ஆகாய விமானம் ஒன்று, இக்காலத்து ஜெட் போர் விமானத்தின் எதிரே உயிர் தப்புமா என்னும் கேள்வி, விமானக் கலை பயின்றோர்க்கே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அக்கேள்வியிற் பாதிதான் யந்திரத்தைப் பற்றியது. மறுபாதி மனிதனைப் பற்றியது. அதிலும், விமானத்தில் ஏறியவனைக் காட்டிலும் அவனை ஏறச் சொன்னவனைப் பற்றியது.

முதலில் யந்திரத்தின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். வேகமுடையதே வெல்லும் என்பது பொதுஜன நம்பிக்கை. அது முழு உண்மையன்று. விமானத்தின் வேகம் இருமடங்கானால், அதே விசையோடு திரும்புவதற்கு வேண்டிய வட்டம் நான்கு மடங்காகின்றது. ஜெட் ஒருமுறை குறி தவறித் தாண்டிச் சென்றால், அது சுற்றி வந்து சேர்வதற்குள் சிறு விமானம் ஒரு மலைச்சரிவின் பின்னே மறைந்துவிடக் கூடும். அன்றியும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சென்றால் ஜெட்டைக் காற்றுத் தாங்காது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியா யுத்தத்தில், மரமும் துணியும் கொண்டு செய்த ‘போ-2’ என்னும் ரஷ்ய இரட்டை இறக்கை விமானம், மணிக்கு 100 மைலைக்கூட எட்டாதது, இரவுதோறும் வந்து அமெரிக்கரைத் தொல்லைப்படுத்தியது. 1951 ஜூன் மாதத்து இரவொன்றில் சூவோன் தளத்தில் நின்றிருந்த சேபர் ஜெட் ஒன்றை அது அழித்தே சென்றது. அதனைத் துரத்தும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பறந்த ஜெட் ஒன்று தானே நிலத்தில் வீழ்ந்ததும் உண்டு.

ஆயினும் இவ்வெற்றியைச் சற்று உற்று நோக்க வேண்டும். சிறு விமானம் ஜெட்டோடு போர் புரியவில்லை. அதன் கண்ணிற் படாமற் சென்று திரும்பியது, அவ்வளவே. பட்டப்பகலில், உயர வானில் கண்டுவிட்டால் அதன் கதை சில நொடிகளில் முடியும். இன்றைய ரேடாரும் ஏவுகணையும் இரவின் கோட்டையையும் பெரிதும் இடித்துவிட்டன. வள்ளுவர் வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும், அதனை அடுத்து இடனறிதலையும் வைத்த முறையை இங்கே நினைவு கூர்தல் தகும். காக்கை பகலிற் கூகையை வெல்லும் என்று அவர் காட்டிய உவமையைக் காக்கைக்கு உரைத்த புத்திமதியாகவே நாம் படிக்கின்றோம். பகலில் வெளியே புறப்படாதே என்று கூகைக்கும் அதில் ஒரு புத்திமதி உண்டு.

கூகையைப் பகலில் விரட்டிய கதை நம் மலாயாவிலேயே நடந்தது. அன்று ஜெட் இங்கு இல்லை. ஆனால் வேக வேற்றுமை இருந்தது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அம்மாத நடுவில் ஈப்போ விமானத் திடலுக்கு வந்த ஆஸ்திரேலியரின் பபலோ போர் விமானங்களே நில்லாமற் சில நாட்களிற் கோலாலம்பூருக்குப் பின்வாங்கின. அதே வேளையில், துரைமார்கள் ஓய்வு நாட்களில் விளையாட்டாக ஓட்டிவந்த டைகர் மோத் முதலிய சிறு விமானங்கள் மலாயாத் தொண்டர் விமானப் படையென்னும் பெயரில், ரப்பர் மரங்களின் தலையை உரசுவது போலத் தாழப் பறந்து, செய்தி கொண்டு செல்லவும் வேவு பார்க்கவும் பயன்பட்டன. (அவ்விளையாட்டின் பெட்ரோல் எத்தனை வாளிப் பாலிலிருந்து வந்ததென்பதை இங்கே ஆராயப் புகவில்லை.) அவற்றுட் சில சுமத்திரா வரை தப்பிச் சென்றன.

இனி எண்டாவைப் பாருங்கள். 1942 ஜனவரி 26-இல் ஜொகூர்க் கீழ்க்கரையில் எண்டாவில் ஜப்பானியக் கப்பல்கள் நின்றன. அவற்றைத் தாக்கச் சிங்கப்பூரிலிருந்து வில்ட்பீஸ்ட் என்னும் இரட்டை இறக்கை விமானங்கள் அனுப்பப்பட்டன. மணிக்கு 160 மைலை எட்டாதவை அவை. அதனாலேயே அதற்கு முன் அவற்றை இரவு வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தனர். அன்று பகலில் அனுப்பினர். முதலணியில் 12 சென்றன, 5 வீழ்ந்தன. அன்று மாலையே, இன்னும் வெளிச்சம் இருக்கையில், இரண்டாம் அணியும் சென்றது. இரண்டிலுமாகப் பத்துக்குக் குறையாத வில்ட்பீஸ்ட்டுகள் மறைந்தன. இரு பிரிவுகளின் தலைவர்களும் மாண்டனர். படையோ, முதலணி வருமுன்னரே கரையேறிவிட்டது.

“வேறு விமானம் இல்லை; நாடு போய்க்கொண்டிருந்தது; கையிலிருந்ததைக் கொண்டு போரிட்டனர்” என்று சொல்வார்கள். இவ்வாதத்தை நாம் எளிதிற் தள்ளவில்லை. முதலணியை அனுப்பியதற்கு அது ஒருவாறு சமாதானம் ஆகலாம். இரண்டாம் அணிக்கு ஆகாது என்பதே நம் அபிப்பிராயம். சிறந்த விமானங்களைத் தராமல் ஆண்டாண்டாக மலாயாவை விட்டுவைத்தவர்களின் பிழையை, பிற்பகல் ஒன்றில் இளைஞர் சிலரின் உடலைக் கொண்டு அடைத்தனர். பிறகு அவர்களது வீரத்தைப் புகழ்ந்தனர். வீரம் உண்மையே; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் புகழ்ச்சியின் ஓசை பெருகப் பெருக, உத்தரவிட்டவனை நோக்கிய கேள்வி காதில் விழாமற் போகின்றது.

இக்குறை வெள்ளையர்க்கே உரியதன்று. இலங்கையில் விடுதலைப் புலிகள் செக் நாட்டுச் சிலின் ரகச் சிறு விமானங்களை வைத்திருந்தனர். 2007 மார்ச் 26 இரவு கட்டுநாயக்கா விமானத் தளத்தில் குண்டு வீசித் திரும்பினர். ஜெட் விமானங்களை உடைய அரசு ஏறக்குறைய இரண்டாண்டு அவற்றைத் தேடியது. இரவும் தாழ்வும், சிறு எஞ்சினின் குறைந்த வெப்பமும் அவற்றைக் காத்தன. அச்செய்தி கேட்டு இங்கும் மகிழ்ந்தவர் பலர். பின்னர் 2009 பிப்ரவரி 20-இல் அவ்விமானங்கள் திரும்பாப் பயணமாக அனுப்பப்பட்டன. ஒன்று கட்டுநாயக்கா அருகே வீழ்த்தப்பட்டது. மற்றொன்று கொழும்பில் வரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. ஓட்டிய இருவரும் மாண்டனர். நகரத்து ஜனங்கள் பலர் காயமுற்றனர். அவ்விரவு அவ்விருவரைக் கொன்றது விமானத்தின் மெதுவான வேகம் என்று எவராலும் கூற இயலாது. நடுகல் நாட்டி வணங்கிய பழக்கம் நம்மிடம் ஆழமாக இருத்தலின், இதைச் சொல்வோர் மீது நம்மவர்க்குக் கோபம் வருகின்றது. கோபம் வந்தாலும் சொல்லாதிருக்க இயலவில்லை.

திரும்பி வருவானா என்று கேளாமல் ஆளை அனுப்புவது எப்படியிருக்கும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு விமானக் கதை கொண்டு விளக்க வேண்டுவதில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; திரும்பாதவர் மிகப் பலர். இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கின்றது, லயங்களும் இல்லை. அங்கிருந்து ஈப்போ நகருக்குக் குடியேறிய பேரப்பிள்ளைகளுள் ஒருவர் எண்டாவின் கதையைப் படித்துவிட்டு, எத்தனை விமானம் வீழ்ந்தது என்று கேளாமல், அந்த மாலை உத்தரவிற் கையொப்பமிட்டவன் யார் என்று கேட்டால் அதில் நமக்கு வியப்பில்லை.