கப்பலில் கற்ற பாடம் கரையில் நிற்குமா?

வீட்டை மனிதன் தெரிந்தெடுக்கலாம். தெருவையும் ஓரளவு தெரிந்தெடுக்கலாம். நெடுங்கடற் பிரயாணத்தில் தன் அருகே பாய் விரிப்பவன் யார் என்பதை அவன் தெரிந்தெடுக்க இயலாது. நங்கூரம் தூக்கியபின் இறங்கிப் போகவும் வழியில்லை. அந்நிலையில் அயலானோடு எவ்வாறு ஒழுகுவது என்பது பிரயாணிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. அது சீலத்தைப் பற்றிய கேள்வியுமாகும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

'ரஜூலா' என்னும் கப்பலின் பெயர் நம்மவர் பலருக்குத் தெரிந்ததே. 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 1973 வரை சென்னைக்கும் மலேயா, சிங்கப்பூர் துறைகளுக்கும் இடையே தமிழரை ஏற்றிச் சென்றது. டெக் பிரயாணிகளுக்கு அறை இல்லை. பாயும் டிரங்குப் பெட்டியும் வைத்த இடமே அவர்தம் இல்லம். இத்தகைய பிரயாணத்தின் இயல்பு யாவரும் அறிந்ததே. முதல்நாள் பாயின் எல்லை பற்றிச் சச்சரவு எழும். கடல் கொந்தளித்துத் தலை சுற்றத் தொடங்கியபின், தண்ணீர்ச் செம்பை நீட்டும் கை எவருடையது என்று கேட்பாரில்லை. மூன்றாம்நாள் ஒருவர் குழந்தையை மற்றொருவர் தூக்கி வைத்திருப்பார்.

இதற்கு முன்னரே, 1860-ஆம் ஆண்டு அக்டோபரில், 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையினின்று புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக அதில் சென்றோர் 342 பேர். பதிவேட்டில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றுடன் ஜாதிக்கும் இடம் இருந்தது. காகிதத்தில் எழுதிய அவ்வேற்றுமையைக் கடலில் முற்றும் காப்பது எங்ஙனம்? இடமோ குறுகியது, தண்ணீரோ அளந்து தரப்படுவது, நோய் வரின் அருகிருப்பவனே துணை. இத்தகைய கப்பல்களில் உடன்வந்தோரை வடநாட்டுக் கூலிகள் 'ஜஹாஜி பாய்', அஃதாவது கப்பற் சகோதரன் என்று அழைத்தனர். அவ்வுறவு கரை சேர்ந்தபின்னும் பல குடும்பங்களில் இரத்த உறவு போலவே போற்றப்பட்டது.

இதனால் நாம் பெறுவது என்ன? ஜாதி இயற்கையாயின், ஒரு திங்கட் காலக் கடற் பிரயாணம் அதனைத் தளர்த்தியிராது. நெருப்பின் சூடு கப்பலில் ஏறியதும் குறைவதில்லை. உப்பின் கரிப்பும் மாறுவதில்லை. இடம் மாறத் தளர்வது எதுவோ, அது மனிதர் கட்டியதே. கட்டியதை அவிழ்க்கவும் கூடும்.

ஆயினும் ஒரு தடை எழுகின்றது. வேறு வழியின்மையால் ஒன்றாக உண்பவன் ஒழுக்கமுடையவன் ஆவானா? பட்டினி கிடக்கும் மனிதன் உண்ணாதிருப்பதை நோன்பு என்று கூறுவதுண்டோ? இக்கேள்வி நியாயமானதே. 1917-இல் அண்ணல் அம்பேத்கர் மேனாட்டில் கல்வி பயின்றபின் கடல் கடந்து திரும்பினார். தீண்டாமை என்னும் நினைவே அயல்நாட்டு வாழ்க்கையில் தம் உள்ளத்தினின்று அகன்றிருந்ததாக அவரே எழுதியுள்ளார். பரோடாவை அடைந்ததும் அவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் தம்மை மறைத்துத் தங்கினார். பதினோராம்நாள் தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றிற்று. கடல் கடந்தவர் மாறியிருந்தார், கரை மாறவில்லை.

கப்பலும் எப்போதும் சமத்துவம் கற்பிப்பதில்லை. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் இலங்கையினின்று யவத்தீவு சென்று, அங்கிருந்து வேறொரு வணிகக் கப்பலில் தாய்நாடு திரும்பினார். அதில் இருநூறுக்கு மேற்பட்டோர் இருந்தனர். பெரும்புயல் எழுந்தது. இந்தச் சிரமணன் உடன் வந்ததனாலேயே இத்துன்பம் நேர்ந்தது. இவனைத் தீவொன்றில் இறக்கி விடுவோம் என்று பிராமணப் பிரயாணிகள் ஆலோசித்தனர். அப்போது அவருக்கு ஆதரவளித்து வந்த ஒருவர் எழுந்து, அவரை இறக்குவதாயின் தம்மையும் இறக்குமாறும், அன்றேல் கொன்று விடுமாறும் கூறினார். சீன மன்னனிடம் முறையிடுவதாகவும் எச்சரித்தார். கூட்டம் தயங்கிற்று, துறவி உயிர் தப்பினார்.

ஒரே புயல், ஒரே மரக்கலம். அச்சம் பலரைக் கொடியவராக்கிற்று. ஒருவரை மட்டும் உறுதியுடையவராக்கிற்று. ஆகவே நெருக்கடி நம்மை நல்லவராக்குவதில்லை. நம் சித்தம் ஏற்கெனவே எப்பக்கம் சாய்ந்துள்ளதோ அதனை வெளிப்படுத்துகின்றது. கப்பல் தருவது அறிவு. அவ்வறிவைக் கரையில் நிறுத்துவது முயற்சி. வேறு வழி இருக்கும்போதும் அயலானை உறவாகக் கொள்பவனே சீலமுடையவன்.

ஆறு கடக்க உதவிய தெப்பத்தைக் கரையேறியபின் தலையிற் சுமத்தல் வேண்டா என்பது பகவன் புத்தர் காட்டிய உவமை. உலகத்தாரோ அதனைத் தலைகீழாக்கினர். கரையேறியதும் விடவேண்டிய ஜாதி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கொண்டுசெல்ல வேண்டிய தோழமையைத் துறைமுகத்திலேயே விட்டுவிடுகின்றனர்.

நமது சிவாஜிநகரையே நோக்குவோம். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபின் சிப்பாய்களும் கொத்தர்களும் வணிகர்களும் தமிழ்நாட்டினின்று வந்து குடியேறினர். அயலாரைத் தெரிந்தெடுத்து வந்தவர் எவர்? தமிழர், கன்னடர், உருது பேசுவோர் யாவரும் ஒரே சந்தில் சுவரோடு சுவராக வாழ்கின்றோம். இதுவும் நங்கூரமிட்ட கப்பலே. ஆனால் இங்கு இறங்கிப் போக வழியுண்டு. கதவைத் தாழிடவும் வழியுண்டு. ஆதலின் நம் சோதனை கடற் பிரயாணியின் சோதனையினும் கடினமானது.

பஞ்சசீலம் ஏற்ற நாம், வீடு வாடகைக்குக் கேட்டு வருவோனிடம் ஜாதி வினவுகின்றோமா? திருமணப் பேச்சில் பழைய பிரிவுகளை மெல்ல விசாரிக்கின்றோமா? நமக்குக் கீழே எனச் சிலரை இன்னும் எண்ணுகின்றோமா? இவற்றிற்கு ஒவ்வொருவரும் தம் மனத்துள் விடை கூறுக. புயல் வரும்வரை காத்திராது, அமைதியான நாளிலேயே பக்கத்துப் பாயில் இருப்பவரை உறவென்று கொள்வோமாக.