ஐசிங்கைக் குறைப்பது விரதமாகுமா?

குறைத்து உண்ணுங்கள் என்று சமயங்கள் சொல்கின்றன. யாருடைய தட்டில் குறைப்பது என்பதில்தான் எனக்கு யோசனை.

இலங்கை மலையகத்தின் நானுஓயாவில் பிறந்து, இங்கேயே பிள்ளைகளுக்குச் சைவநெறி படிப்பிக்கிறவள் நான். கந்த சஷ்டி வந்தால் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்துகொண்டே மலையேறிக் கொழுந்து எடுக்கும் பெண்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உண்டு. அந்தப் பசியை அவர்கள் மேல் யாரும் சுமத்தவில்லை. தாங்களே விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள், விரதம் முடிந்ததும் தாங்களே பாரணை பண்ணி இறக்கி வைக்கிறார்கள். விரதம் பற்றிப் புத்தகத்தில் படித்ததைவிட இவர்களிடம் நான் படித்தது அதிகம்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து சில வருடமாகிறது. அவருடைய பிறந்தநாளுக்கு நான்தான் கேக் அடிப்பேன்: பட்டர் கேக், மேலே, பக்கத்தில், நடுவில் எல்லாம் தாராளமாகப் பட்டர் ஐசிங். இந்த முறை ஐசிங்கை மாற்றத்தான் வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். வழக்கமான அளவு 250 கிராம் பட்டருக்கு 500 கிராம் ஐசிங் சீனி. கேக்கை இருபது துண்டு போட்டால் ஒரு துண்டின் ஐசிங்கில் மட்டும் 25 கிராம் சீனி. சாப்பாட்டில் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. வருத்தம் இல்லாதவர்களுக்கே அந்த அளவுதான். ஒரு துண்டின் பூச்சிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது, உள்ளே கேக்கில் இருக்கும் சீனியை இன்னும் எண்ணவில்லை.

மெல்லிய ஐசிங் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தது முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, கொதிக்கும் சீனிப்பாகை நூலாக ஊற்றிச் செய்வது. அதில் கொழுப்பே இல்லை. வாயில் வைத்தால் கரைந்து போகும். ஆனால் அது முழுக்க முழுக்கச் சீனி. நாக்குக்கு லேசாக இருப்பதெல்லாம் உடம்புக்கும் லேசு என்று நம்பிவிடக் கூடாது. அடித்த கிரீம் இன்னொரு வழி. காற்றை ஏற்றினால் இரண்டு மடங்காகப் பொங்கும், சீனி கொஞ்சம் போதும், எங்கள் ஊர்க் குளிரில் இளகாமலும் நிற்கும். நல்ல கிரீம் விலைதான் கையைக் கடிக்கிறது. கடைசியில் எருமைத் தயிரில் வந்து நின்றேன். சட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து, கத்தியால் பூசுகிற பதத்துக்கு வரும். ஒரு கிலோ தயிருக்கு நாலு மேசைக்கரண்டி ஐசிங் சீனி, தேசிக்காய்த் தோலின் பச்சை மட்டும் துருவி ஒரு சிட்டிகை. துண்டுக்கு இரண்டு கிராம் சீனிகூட வராது. குளிரில் பட்டர் ஐசிங் இறுகி நாக்கில் மெழுகாய் ஒட்டும், இது ஒட்டாது.

சமையல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மனம் மட்டும் ஒப்பவில்லை. அம்மா 1973, 74 பஞ்சத்தைப் பார்த்தவர். அப்போது அவர் குமரிப் பிள்ளை. அரிசியும் மாவும் அருகிப்போய், சீனி கூப்பனுக்குத்தான் என்றிருந்த காலம். மரவள்ளிக் கிழங்கும் கிடைத்த கீரையுமாக லயங்கள், எங்கள் வரிசை வீடுகள், உயிர் பிடித்தன. பிடிக்க முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். உள்ளங்கையில் துளி சீனியை வைத்து, ஒருதரம் நக்கி, ஒரு மிடறு சாயத் தேத்தண்ணி குடித்த தலைமுறை அது. அந்தச் சீனி தேத்தண்ணி முடியும்வரை வர வேண்டும். அப்படி வளர்ந்தவருக்கு, விரலால் வழித்து எடுக்கும் அளவு ஐசிங் பூசிய கேக் வெறும் தின்பண்டம் அல்ல. தன் பிள்ளை தலையெடுத்துவிட்டாள் என்பதற்கு அது சாட்சி. அதைப் போய்ச் சுரண்டி எடுப்பதா?

‘குறைத்துக்கொள்’ என்ற சொல் மலையகத்தில் எப்போதும் மேலிருந்துதான் வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டு, 2021இல்தான் அது கிடைத்தது. அடுத்த வருடமே நாடு நொடித்துப்போய், பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். அப்போதும் சிக்கனத்தைப் பற்றிப் பேசியவர்கள் வரிசையில் நிற்காதவர்கள்தான்.

துறவைப் பற்றி யோசித்தால் இது இன்னும் தெளிவாகிறது. சித்தார்த்தர் அரண்மனையை விட்டார். பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகச் செல்வத்தை விட்டார். விடுவதற்கு அவர்களிடம் இருந்தது. இல்லாதவர் சாப்பிடாமல் கிடப்பதை விரதம் என்று நான் படித்த எந்த நூலும் புகழவில்லை. அது பட்டினி, அதைப் போக்குவதுதான் அறம். சித்தார்த்தரே உடலை வருத்தி எலும்பும் தோலுமான பிறகு, சுஜாதை கொடுத்த பாற்சோற்றை வாங்கி உண்டார். வெசாக்கில் தன்சல் போட்டு எங்களையும் கூப்பிட்டு உண்ணக் கொடுக்கும் சிங்கள அயலவர்களுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும்.

மறுபக்கத்தில், இல்லாதபோதும் கொடுத்த இளையான்குடி மாற நாயனார் இருக்கிறார். மழை இரவில் அடியார் வந்து நிற்கிறார், வீட்டில் ஒன்றுமில்லை. அன்று விதைத்த நெல்லை வயலில் இருந்து வாரிக்கொண்டு வந்து, கூரைக் கம்பை அறுத்து விறகாக்கி, தோட்டத்துக் கீரையைப் பறித்து உணவு படைத்தார்கள். அந்தக் கதையைப் படிப்பிக்கும்போதெல்லாம் நான் அவருடைய மனைவியின் பக்கம்தான் நிற்பேன். முளை விதையைத் தரலாம் என்ற யோசனையும், ஒரே கீரையில் பல கறி ஆக்கிய கைத்திறனும் அந்த அம்மாவுடையவை. படைத்தது கொஞ்சம்தான். குறைவு என்று அதை யாரும் சொல்லவில்லை.

இதற்காக அம்மா கேட்டதையெல்லாம் ஊட்டிவிடுவது பாசம் என்று நான் சொல்ல வரவில்லை. சீனி வருத்தத்தால் கால் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தில் விருந்தோம்பலை வைத்தார், தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தில் மருந்தை வைத்து அளவறிந்து உண்ணச் சொன்னார். இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான். பல வீடுகளில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: எல்லாருக்கும் ஐசிங் கேக், சீனிக்காரருக்கு ஓரத்தில் ஒரு வெறுந்துண்டு. இதை என்னால் ஏற்க முடியாது. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு ஆள் பார்த்துப் பரிமாறுவது பந்தி வஞ்சனை. அதுவும் பிறந்தநாள் அவருடையது. ஒளித்துக் குறைப்பதும் அதே வகைதான். சுவை தெரியாமல் ஏமாற்றிச் சாப்பிட வைத்தால், அவருடைய விரதத்தை நாம் திருடிக்கொள்கிறோம்.

ஆகவே கேட்டேன். தயிர்த் துணி அடுப்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. கரண்டியில் தொட்டுக் கொடுத்து, “அம்மா, இந்த முறை இதப் பூசலாமா? உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் இதுதான்” என்றேன். நக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“புளிப்பா நல்லாத்தான் இருக்கு புள்ள. பக்கத்துல எல்லாம் பூசாத. நடுவுலயும் வேணாம். மேல மட்டும் நல்லா வெள்ளையாத் தெரியணும். வர்றவங்க பாக்கணும்ல.”

நான் நினைத்ததில் பாதி ஐசிங்கை அம்மாவே குறைத்துவிட்டார். என் கணக்கு சீனியைப் பற்றியது, அவருடைய கணக்கு வருகிறவர்கள் கண்ணைப் பற்றியது. எது குறையலாம், எது குறையக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வாயால் சொன்ன பிறகுதான் அது விரதமானது. அதுவரை அது என்னுடைய கட்டுப்பாடு மட்டுமே.

உங்கள் வீட்டிலும் சீனி வருத்தக்காரர் இருந்தால், கேக்குக்குப் பட்டரை எடுக்கும் முன் அவரிடம் போய்க் கேளுங்கள். வேண்டாம், பழையபடியே பட்டர் ஐசிங் பூசு என்று அவர் சொன்னால், பூசுங்கள். துண்டைச் சின்னதாக வெட்டுங்கள், எல்லாருக்கும் அதே அளவில். தயிர் ஐசிங்தான் என்று முடிவானால் முதல் நாள் இரவே துணியில் கட்டிவிடுங்கள், கேக் நன்றாக ஆறிய பிறகு பூசுங்கள், அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். மறுநாள் அது தண்ணீர் விட்டுவிடும்.